சிரித்தவர்களும் உறைந்தவர்களும்: டிரேயரின் ‘வாம்பயர்’ (1932) திரைப்படத்தின் ஏற்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரேயர் உருவாக்கிய ‘வாம்பயர்’ திரைப்படம் 1932 மே 6 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது பார்வையாளரின் ஏளனக் கூச்சலுக்கு உள்ளானது. இன்று அப்படம் திகில் திரைப்பட மரபின் தலையாய ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இம்மாற்றத்தை, ‘காலத்தை முந்திய படைப்பைச் சமகாலத்தவர் புரிந்துகொள்ளவில்லை’ என்று விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மறுத்தவர்களும் போற்றியவர்களும் படத்தில் கண்டவை ஏறத்தாழ ஒன்றே. அவற்றுக்கு அளித்த மதிப்பே வேறுபட்டது. அம்மதிப்பு மாறியதற்குப் படம் திரையிடப்பட்ட களம், கிடைத்த பிரதிகளின் தன்மை, படத்துக்கு முன்னும் பின்னும் பேசப்பட்ட சொற்கள் ஆகியவை காரணமாயின என்பது இங்கு நிறுவப்படுகிறது.

குறிச்சொற்கள்: டிரேயர், வாம்பயர், ஏற்பு வரலாறு, திகில் திரைப்படம், மெய்ப்பாடு, அச்சம், மருட்கை, நகை.

முன்னுரை

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைப்பிலிருந்து தொடங்குவர். இயக்குநர் யார், எப்போது எடுத்தார், எவ்வாறு எடுத்தார் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒரு பின்குறிப்பாக இடம்பெறும். படம் வெற்றி பெற்றிருந்தால் அப்பின்குறிப்பு பாராட்டாக அமையும். தோற்றிருந்தால் ‘காலம் அதைப் புரிந்துகொள்ளவில்லை’ என்ற ஒற்றைத் தொடரில் முடிந்துவிடும். இத்தொடர் படைப்பாளிக்கு நீதி வழங்குவதுபோல் தோன்றினாலும் பார்வையாளருக்கு அநீதி இழைக்கிறது. அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் எதைக் கண்டார்கள், எதற்காகச் சினந்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்ற வினாக்கள் அத்தொடருக்குள் மறைந்துபோகின்றன.

‘வாம்பயர்’ படத்தின் ஏற்பு வரலாறு இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பொருத்தமான களம். ஒரே படம், ஒரே ஆண்டில், மூன்று ஐரோப்பிய நகரங்களில் வெவ்வேறு எதிர்வினைகளைப் பெற்றது. அவ்வெதிர்வினைகள் நகரத்துக்கு நகரம் மட்டும் வேறுபடவில்லை. ஒரே அரங்கினுள்ளும், சில வேளைகளில் ஒரே திறனாய்வாளரின் ஒரே குறிப்பினுள்ளும் பிளவுபட்டிருந்தன. எனவே இக்கட்டுரை, படம் உருவான சூழலையும் அதன் பொருள்மயக்கத்தையும் முதலில் விளக்கி, 1932ஆம் ஆண்டின் எதிர்வினைகளை ஆராய்ந்து, பின்னர் நிகழ்ந்த மறுமதிப்பீட்டின் இயல்பைக் காண முயல்கிறது.

படம் உருவான சூழல்

டிரேயர் 1889இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். 1928இல் பிரான்சில் அவர் இயக்கிய ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் ஊமைப்படம் திறனாய்வாளரின் பெருமதிப்பைப் பெற்றது. வணிக நிலையில் இழப்பையே தந்தது. அடுத்த படத்துக்குப் பெரிய நிறுவனத்தின் முதலீட்டை எதிர்பார்க்க இயலாத நிலையில், செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞரான நிக்கோலா த குன்ஸ்பர்க் அவருக்குத் துணைநின்றார். படத்துக்குத் தாம் பணம் தருவதாகவும், தலைமைப் பாத்திரத்தில் தாமே நடிப்பதாகவும் உடன்பட்டார். குடும்பத்தாரின் எதிர்ப்பைத் தவிர்க்க ‘ஜூலியன் வெஸ்ட்’ என்னும் புனைபெயரை அவர் பயன்படுத்தினார்.

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் 1872ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பு படத்துக்கு மூலம் எனப் படத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. பெண் இரத்தக்காட்டேரியைப் பற்றிய ‘கார்மில்லா’ என்னும் புகழ்பெற்ற கதை அத்தொகுப்பில்தான் உள்ளது. எனினும், டிரேயரும் கிறிஸ்டன் யூலும் எழுதிய திரைக்கதை அக்கதையைத் தழுவியதாகாது. அதன் சில கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே முந்தைய படத்திலும் டிரேயருடன் பணியாற்றியவர். கலை இயக்குநர் ஹெர்மன் வார்ம், 1920ஆம் ஆண்டின் ‘டாக்டர் காலிகாரியின் பேழை’ படத்தின் அரங்க அமைப்பில் பங்காற்றியவர். ஆனால் ‘காலிகாரி’யில் இருந்த கோணல்மாணலான வரைபுத் திரைகள் இங்கு இல்லை. பிரான்சின் கூர்தாம்பியர் என்னும் சிற்றூரில், உண்மையான வீடுகளிலும் ஆலையிலும் படப்பிடிப்பு நடந்தது. சிபில் ஷ்மிட்ஸ், மோரிஸ் ஷூட்ஸ் ஆகிய இருவரைத் தவிர முதன்மைப் பாத்திரங்களில் நடித்த ஏனையோர் தொழில்முறை நடிகர் அல்லர்.

அது ஊமைப்படக் காலம் முடிந்து பேசும்படக் காலம் தொடங்கியிருந்த நேரம். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் வெளியிடும் நோக்கில் படம் திட்டமிடப்பட்டது. உரையாடல் மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது. கதையின் பெரும்பகுதியை எழுத்து அட்டைகளும், திரையில் விரித்துக் காட்டப்படும் ஒரு பழைய நூலின் பக்கங்களும் சொல்கின்றன. இதனால் பேசும்படமும் ஆகாத, ஊமைப்படமும் ஆகாத ஓர் இடைநிலை வடிவம் உருவாயிற்று. பேசும்படத்துக்குப் பழகிவந்த 1932ஆம் ஆண்டுப் பார்வையாளருக்கு இதுவே முதல் இடறலாக இருந்திருக்கும்.

மற்றொரு இடறல் படத்தின் நிறம். தொடக்க நாள் காட்சிகளைப் போட்டுப் பார்த்தபோது, தவறுதலாக வில்லையில் பட்ட ஒளியால் ஒரு காட்சி சாம்பல் பூத்துத் தெரிந்ததாகவும், அதையே படம் முழுவதற்கும் உரிய பாணியாக டிரேயர் ஏற்றுக்கொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு. கேமராவுக்கு முன் சற்றுத் தொலைவில் சல்லாத்துணியைக் கட்டி எடுத்ததாக இன்னொரு செய்தி கூறுகிறது. எவ்வாறாயினும், கருமையும் வெண்மையும் கூர்மையாகப் பிரியும் திகில் படங்களின் ஒளியமைப்புக்கு மாறாக, இப்படம் வெளிறிய மூடுபனிக்குள் நகர்கிறது. இரவில் நிகழ்வதாகச் சொல்லப்படும் காட்சிகளும் விடியற்பொழுது போலவே தோன்றுகின்றன.

படத்தின் பொருள்மயக்கம்

கதையைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆலன் கிரே என்னும் இளைஞன் ஆற்றங்கரை விடுதி ஒன்றில் தங்குகிறான். பூட்டிய அறைக்குள் ஒரு முதியவர் வந்து, தம் இறப்புக்குப்பின் பிரிக்க வேண்டிய பொதி ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். அவர் அருகிலுள்ள மாளிகையின் தலைவர். அவருடைய மூத்த மகள் லியோன் நோயுற்றுக் கிடக்கிறாள், இளையவள் கிசேல். தலைவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பொதியில் இருந்த நூல் இரத்தக்காட்டேரிகளைப் பற்றியது. ஊர் மருத்துவர், இறந்தும் இறவாத மார்கெரித் ஷோப்பான் என்னும் கிழவியின் ஏவலாளர். கிழவியின் கல்லறை திறக்கப்பட்டு அவள் உடலில் இரும்புக் கம்பி அறையப்படுகிறது, லியோன் விடுபடுகிறாள். மருத்துவர் மாவு ஆலைக்குள் சிக்கி, மேலிருந்து கொட்டும் மாவில் புதைந்து மூச்சடைத்து இறக்கிறார். கிரேயும் கிசேலும் மூடுபனி சூழ்ந்த ஆற்றைக் கடந்து ஒளியை அடைகின்றனர்.

இச்சுருக்கம் படத்தைப் பார்த்த அனுபவத்தை ஒரு சிறிதும் தருவதில்லை. திரையில் இந்நிகழ்ச்சிகள் காரணத்தோடு இணைந்து வருவதில்லை. மரக்கால் காவலனின் நிழல் அவனைவிட்டுப் பிரிந்து நடமாடி, பின் வந்து அவனோடு சேர்ந்துகொள்கிறது. குழி தோண்டும் நிழலின் மண்வெட்டிக்கு மண் பின்னோக்கி வந்து சேர்கிறது. உருவமற்ற நிழல்கள் இசைக்கு ஆடுகின்றன. கிழவி அதட்டியதும் அடங்குகின்றன. குழந்தையின் அழுகையையும் நாய்களின் குரைப்பையும் கிரே சுட்டும்போது, இங்கே குழந்தையும் இல்லை, நாயும் இல்லை என்கிறார் மருத்துவர். கேமரா கிரேயைப் பின்தொடர்ந்து சென்று, அவனை விட்டு விலகிச் சுவரோடு நகர்ந்து, அவன் வந்திருக்கவே முடியாத இடத்தில் அவனை மீண்டும் காண்கிறது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் உள்ள தொடர்பைப் பார்வையாளரால் மனத்தில் வரைந்துகொள்ள முடிவதில்லை.

‘எல்லாம் கனவு’ என்று சொல்லி இம்மயக்கத்தைத் தீர்க்கவும் படம் இடம்தருவதில்லை. பேயியலில் ஆழ்ந்து, நனவுக்கும் நனவல்லாததற்கும் உள்ள எல்லை மங்கிப்போன கனவாளி எனத் தொடக்க எழுத்து அட்டை கிரேயை அறிமுகப்படுத்துகிறது. ஜெர்மன் துணைத்தலைப்பும் ‘ஆலன் கிரேயின் கனவு’ என்பதே. ஆயினும் கிரே இல்லாத இடங்களிலும் இயல்பு கடந்தவை நிகழ்கின்றன. மருத்துவரின் இறப்பு அவன் காணாதது. மறுபுறம், கனவு என்று படமே தெளிவாகச் சொல்லும் பகுதி ஒன்று உள்ளது. குருதி கொடுத்துத் தளர்ந்த கிரே இருக்கையில் அமர்ந்தபடி இரண்டாகப் பிரிகிறான். பிரிந்தவன் சவப்பெட்டியில் தன்னையே காண்கிறான். அதன்பின் கேமரா பெட்டிக்குள் இருப்பவனின் கண்ணாகிறது. மூடியில் பதித்த கண்ணாடி வழியே கிழவி எட்டிப்பார்ப்பதும், மரக்கிளைகளும் கோபுரமும் வானமும் மேலே நகர்ந்து போவதும் தெரிகின்றன. இக்கனவுக் காட்சியே படத்தில் மிகத் துல்லியமான இடத்தொடர்ச்சி கொண்டது என்பது எண்ணத்தக்கது. நனவு குழம்பிக் கிடக்க, கனவு தெளிவாக இருக்கிறது.

பெர்லின், பாரிஸ், வியன்னா

1931 பிப்ரவரியில் டாட் பிரவுனிங்கின் ‘டிராகுலா’வும், அதே ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் வேலின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படமும் அமெரிக்காவில் வெளியாயின. ‘வாம்பயர்’ முன்னதாகவே எடுக்கப்பட்டிருந்தும் 1932 மே மாதத்தில்தான் பெர்லின் திரைக்கு வந்தது. எனவே, திகில் பேசும்படம் என்பது எவ்வாறு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஓரளவு உருவாகிவிட்டது. ‘டிராகுலா’வின் தீயவன் அழகன், தன் பெயரைத் தானே சொல்லி அறிமுகமாகிறவன், அவனை எதிர்க்கும் அறிஞர் அவன் யாரென்பதைத் தெளிவுற விளக்குகிறார். டிரேயரின் காட்டேரியோ கண்பார்வை மங்கிய கிழவி. அவள் படத்தில் தோன்றும் நேரமும் குறைவு. அவள் செய்வதாகக் காட்டப்படும் செயலும் குறைவு.

பெர்லின் திரையிடலில் ஏளனக் கூச்சல் எழுந்தது. அங்கிருந்து ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதப்பட்ட குறிப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தாம் பார்த்த மிக மோசமான படங்களுள் இது பல வகையில் ஒன்று என்று கூறும் எழுத்தாளர், அடுத்த நிலையிலேயே சில காட்சிகள் நேரடியான முரட்டு வலிமையோடு தம்மைப் பற்றிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறார். டிரேயரின் படங்களை நகைப்புக்குரியவையாகக் கருதலாம், ஆனால் மறக்க முடியாது என்பது அவர் முடிவு. 1932 செப்டம்பரில் படம் பாரிஸில் திரையிடப்பட்டபோது அதே இதழுக்கு எழுதிய ஹெர்பர்ட் மேத்யூஸ், பார்வையாளர் இருவகையாகப் பிரிந்ததைப் பதிவு செய்தார். நெடிய தீக்கனவில் அகப்பட்டவர்போல் கட்டுண்டோர் ஒருசாரார். அடக்கவொண்ணாது வெறிபிடித்ததுபோல் சிரித்தோர் மறுசாரார். வியன்னாவில் நிலைமை மேலும் முற்றியது. பார்வையாளர் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டனர் என்றும், மறுக்கப்பட்டபோது கலகம் மூண்டு காவல்துறையினர் தடியடி நடத்தினர் என்றும் படத்தின் வரலாறு குறிக்கிறது. 1933 மார்ச்சில் தம் சொந்த நகரான கோபன்ஹேகனில் நடந்த முதல் திரையிடலுக்கு டிரேயர் செல்லவில்லை.

இச்செய்திகளில் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, பிளவு என்பது பாமரருக்கும் அறிஞருக்கும் இடையில் அமையவில்லை. பெர்லின் குறிப்பை எழுதியவர் ஒருவரே. அவருக்குள்ளேயே இரு தீர்ப்புகள் உள்ளன. இரண்டாவது, படம் தெளிவற்றது, மெதுவானது, நடிப்பு உணர்ச்சியற்றது, கதை நகரவில்லை என்னும் குறைகள் பிழையான கூற்றுகள் அல்ல. பின்னாளில் இப்படத்தைப் போற்றியோரும் இவற்றையே கூறினர். குன்ஸ்பர்க்கின் வெறித்த முகத்தைத் திறமையின்மை என்றனர் அன்று. உறக்கத்தில் நடப்பவனின் முகம் என்றனர் பின்பு. முகம் மாறவில்லை.

அவர்கள் பார்த்தது எந்தப் படம்?

ஏற்பு வரலாற்றை எழுதும்போது எளிதில் மறக்கப்படும் ஒன்று, பார்வையாளர் அனைவரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள் என்னும் கற்பிதம். ‘வாம்பயர்’ இதற்குத் தக்க எச்சரிக்கை. ஜெர்மன் தணிக்கையாளர் கல்லறையில் கம்பி அறையும் காட்சியையும், ஆலையில் மருத்துவர் இறக்கும் காட்சியையும் குறைக்கச் செய்தனர். பெர்லின் எதிர்ப்புக்குப்பின் டிரேயர் தாமும் சில பகுதிகளை நீக்கினார். ஜெர்மன் வடிவமும் பிரெஞ்சு வடிவமும் தனித்தனியே வெளிவந்தன. அமெரிக்காவில் ஆங்கிலக் குரல் சேர்த்துப் பெரிதும் சுருக்கப்பட்ட ஒரு வடிவம் ‘காசில் ஆஃப் டூம்’ என்ற பெயரில் புழங்கியது. படத்தின் மூல நெகட்டிவ்கள் எஞ்சவில்லை.

இதன் விளைவு முரணானது. தணிக்கை நீக்கியவை படத்தில் மிகக் குறைவாக இருந்த நேரடி வன்முறைக் காட்சிகள். தீமை எது, அது எவ்வாறு அழிக்கப்பட்டது என்பதை ஐயமின்றிக் காட்டும் இடங்கள் அவையே. அவற்றைக் குறைத்தபோது படத்தின் மயக்கம் மிகுந்தது. வழக்கமான திகில் படத்தை நாடி வந்தவர்களுக்கு ஆறுதல் தந்திருக்கக்கூடிய இரு இடங்களும் மங்கின. படம் தெளிவற்றது என்ற முறையீட்டுக்கு டிரேயரின் கலைக்கொள்கையோடு அரசின் கத்தரிக்கோலும் ஒரு காரணம். இதைக் கருதாமல் அன்றைய பார்வையாளரின் சுவையுணர்வை எடைபோடுவது முறையன்று.

சிரிப்பு என்னும் சான்று

பாரிஸ் அரங்கில் எழுந்த சிரிப்பை எவ்வாறு பொருள்கொள்வது? தோல்வியின் அடையாளமாக அதைக் கொள்வதே வழக்கம். அச்சமூட்ட எடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தால், அச்சம் பிறக்கவில்லை என்பது பொருள். ஆனால் மேத்யூஸ் குறித்தது வெற்று ஏளனச் சிரிப்பன்று. தன் கட்டுக்குள் அடங்காத சிரிப்பு.

இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பகுப்பு ஒரு கருவியாக உதவும். அந்நூல் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஐரோப்பியத் திரைப்படம் ஒன்றுக்கு இவ்விலக்கணம் இயற்றப்படவில்லை என்பது வெளிப்படை. ஆயினும், உணர்வை அது தோன்றும் களனோடு இணைத்தே எண்ண வேண்டும் என்னும் அதன் நெறி இங்குப் பயன்தருகிறது. அச்சத்தின் களன்கள் நான்கும் புறத்தே சுட்டிக்காட்டத் தக்கவை. எதற்கு அஞ்சுகிறோம் என்பது அஞ்சுபவருக்குத் தெரியும். ‘டிராகுலா’ தருவது அத்தகைய அச்சம். அது அணங்கைக் கண்முன் நிறுத்துகிறது. ‘வாம்பயர்’ படத்தில் அணங்கு உண்டு. ஆனால் பார்வையாளரைக் கலங்கச் செய்வது அந்த அணங்கு அன்று. உடலைப் பிரிந்த நிழலும், இடம் மாறித் தோன்றும் மனிதனும், பின்னோக்கிச் செல்லும் மண்ணுமே கலக்குகின்றன. இவை மருட்கையின் களனாகிய புதுமைக்கு நெருக்கமானவை. வழக்கமாக வியப்பாக மலர வேண்டிய மருட்கை, இங்கே கலக்கமாகத் திரிகிறது.

இவ்வாறு நோக்கின், பார்வையாளர் முன் இருந்த இடர்ப்பாடு தெளிவாகிறது. அவர்கள் அச்சத்தை நாடி வந்தனர். களன் இல்லாத கலக்கம் கிடைத்தது. அதற்குப் பெயரிட அவர்களிடம் சொல் இல்லை. சிலர் அதை எள்ளலாக மாற்றிக்கொண்டனர். எள்ளும்போது எள்ளப்படும் பொருள் தனக்குக் கீழாகிவிடுகிறது, கலக்கம் தணிகிறது. சிலர் கலக்கத்திலேயே தங்கினர். ஆகவே சிரிப்பும் உறைவும் எதிரெதிர்ப் பட்டறிவுகள் அல்ல. ஒரே பட்டறிவுக்கு உடல் தந்த இரு மறுமொழிகள் எனலாம். அரங்கில் இருந்தோர் அனைவரும் அவ்வாறே சிரித்தனர் என்பது இதன் கருத்தன்று. வியன்னாவில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் சினம் இன்னும் எளிமையானது. விளம்பரப்படுத்திய பண்டம் வேறு, கிடைத்த பண்டம் வேறு என்னும் வாங்குவோரின் சினம் அது. அதற்கும் வரலாற்றில் உரிய மதிப்பு உண்டு.

கதவுக்குப் பின்னால் இருக்கும் பிணம்

‘வாம்பயர்’ படத்தில் தாம் செய்ய முயன்றதை டிரேயர் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கியது பலராலும் சுட்டப்படுகிறது. இயல்பான ஓர் அறையில் நாம் அமர்ந்திருக்கிறோம். கதவுக்குப் பின்னால் ஒரு பிணம் கிடப்பதாகத் திடீரென யாரோ சொல்கிறார். அக்கணமே அறை மாறிவிடுகிறது. விளக்கும் பொருள்களும் இருந்தபடியே இருந்தும் எல்லாம் வேறாகத் தோன்றுகின்றன. மாறியவர்கள் நாமே என்பது அவர் கருத்து. இவ்வெடுத்துக்காட்டைத் திறனாய்வாளர் அகநிலைக் காட்சியின் கொள்கை விளக்கமாகவே படித்துள்ளனர். ஏற்பு வரலாற்றின் நோக்கில் இதில் வேறொரு கூறு முதன்மை பெறுகிறது: அறை மாற வேண்டுமெனில், பிணம் இருக்கிறது என்று யாரேனும் சொல்லியாக வேண்டும்.

1932ஆம் ஆண்டின் வணிக அரங்குகளில் அவ்வாறு சொல்வோர் எவரும் இல்லை. படமும் சொல்ல மறுத்தது. சொல்லப்படாத நிலையிலும் சிலருக்கு அறை மாறியது. பாரிஸில் கட்டுண்டு அமர்ந்தோர் அத்தகையோர். பலருக்கு அறை அறையாகவே, படம் குழப்பமாகவே நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பழைய படங்கள் திரைப்படக் கழகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் காட்டப்பட்டபோது, பார்வையாளர் ‘டிரேயர் படம்’ ஒன்றைப் பார்க்கவே வந்தனர். 1943இல் ‘சினத்தின் நாள்’, 1955இல் ‘ஓர்டெட்’ ஆகிய படங்களால் அவர் பெயர் நிலைபெற்றிருந்தது. மெதுவும் மௌனமும் அவருடைய பாணியின் அடையாளங்களாக அறியப்பட்டுவிட்டன. இருந்தும் நெடுங்காலம் ‘வாம்பயர்’ அவருடைய வலுக்குறைந்த படங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. படைப்பாளியின் புகழ் மட்டும் ஒரு படத்தின் மதிப்பைத் தானாகவே உயர்த்திவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

திருப்பம் கோட்பாட்டின் வழியாக வந்தது. ஸ்வேதான் தொதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், விந்தைப் புனைவின் இலக்கணத்தைத் ‘தயக்கம்’ என வரையறுத்தார். நிகழ்வது இயற்கைக்கு உட்பட்டதா, அப்பாற்பட்டதா என்று முடிவுசெய்ய இயலாமல் வாசகர் நிற்கும் நிலையே அது. மார்க் நாஷ் 1976இல் ‘ஸ்கிரீன்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தை ‘வாம்பயர்’ படத்தோடு பொருத்தியது. 1981இல் வெளிவந்த டேவிட் போர்ட்வெல்லின் டிரேயர் பற்றிய நூல், படத்தின் இடவமைப்பும் காரணத்தொடர்பும் எவ்வாறு திட்டமிட்டுக் குலைக்கப்படுகின்றன என்பதைக் காட்சி காட்சியாகப் பகுத்துக் காட்டியது. குழப்பம் என்று பெயர்பெற்றிருந்தது தயக்கம் என்னும் பெயரைப் பெற்றது. பெர்லினில் குறையாக இருந்தது ஆய்விதழில் இலக்கணமாயிற்று. கதவுக்குப் பின்னால் பிணம் இருக்கிறது என்று சொல்லும் குரல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, திறனாய்விலிருந்து ஒலித்தது.

1998இல் எஞ்சியிருந்த ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளைக்கொண்டு மார்ட்டின் கோர்பர் முயற்சியில் படம் மீட்டமைக்கப்பட்டது. சிதைந்த பிரதிகளில் சாம்பல் நிறமானது தேய்மானமா, பாணியா என்று பிரித்தறிய இயலாது. மீட்டமைப்புக்குப்பின் அவ்வெளிறல் ஒளிப்பதிவின் தேர்வு என்பது கண்ணுக்கே தெரிந்தது. இன்றைய மதிப்பில் இம்மீட்டமைப்புக்கும் பங்கு உண்டு.

மறுமதிப்பீட்டைப் பற்றிய ஓர் எச்சரிக்கை

இம்மாற்றத்தை அறியாமையிலிருந்து அறிவை நோக்கிய பயணமாகக் கொள்ளுதல் கூடாது. மறுமதிப்பீடு சிலவற்றை ஈட்டியது, சிலவற்றை இழந்தது. தயக்கம் என்னும் சொல் கையில் இருக்கும்போது, பார்வையாளருக்குத் தயக்கம் இல்லாமற்போகிறது. மயங்கப்போகிறோம் என்று அறிந்தே அரங்கில் அமர்பவர், மயக்கத்தைப் பாணியின் சிறப்பாகத் துய்க்கிறார். பாரிஸில் சிரித்தவர்களோ எவ்விதப் பாதுகாப்பும் இன்றி அப்படத்தின் முன் அமர்ந்தவர்கள். படத்தின் வலிமைக்கு, அமைதியாக அமர்ந்து குறிப்பெடுக்கும் இன்றைய மாணவரைவிட அவர்களே ஒருவகையில் நெருங்கிய சாட்சிகள்.

பிளவுபட்ட எதிர்வினைக்கு விலை கொடுத்தவர் இயக்குநர் என்பதையும் மறத்தல் ஆகாது. இக்காலத்தில் டிரேயர் மனநலம் குன்றி மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. பின்னர்க் கோபன்ஹேகனுக்குத் திரும்பி இதழியல் பணியில் ஈடுபட்டார். நீதிமன்றச் செய்திகளை எழுதினார். ‘வாம்பயர்’ வெளியான 1932க்கும் ‘சினத்தின் நாள்’ வெளியான 1943க்கும் இடையே அவருடைய முழுநீளக் கதைப்படம் எதுவும் வெளிவரவில்லை. பதினோர் ஆண்டுகள் முழுநீளக் கதைப்படம் எதையும் வெளியிடாதிருந்த ஒருவருக்குப் பிற்காலத்து ஆய்விதழ்கள் வழங்கிய மதிப்பு, அந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதன்று. குன்ஸ்பர்க்கும் அதன்பின் திரைப்படத்தில் தொடரவில்லை. பின்னாளில் நியூயார்க்கின் நவநாகரிக இதழ்களில் பணியாற்றினார்.

முடிவுரை

‘வாம்பயர்’ படத்துக்கு எழுந்த எதிர்வினைகளை ஆராய்வதன்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

பிளவு, நுண்ணுணர்வு உடையோர்க்கும் அற்றோர்க்கும் இடையில் எழுந்ததன்று. ஒரே கூறுகளை இருசாராரும் கண்டனர். திகில் படம் தமக்கு எதைத் தரக் கடமைப்பட்டது என்பதில் வேறுபட்டனர்.

தணிக்கையும் பின்னை வெட்டுகளும் சுருக்கப் பிரதிகளும் படத்தின் பொருள்மயக்கத்தைக் கூட்டின. எனவே ஏற்பு வரலாறு பிரதிகளின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

அரங்கில் எழும் சிரிப்பைத் தோல்விக்கணக்கில் உடனே எழுதிவிடுதல் தகாது. களன் புலப்படாத கலக்கத்துக்கு உடல் தரும் மறுமொழிகளுள் அதுவும் ஒன்று. மெய்ப்பாட்டியல் வற்புறுத்தும் உணர்வு–களன் தொடர்பு, இத்தகைய சான்றுகளைப் பகுத்தறிய நமக்குக் கிடைத்துள்ள கூரிய கருவி.

பொருள்மயக்கமுள்ள படைப்பு தன்னைப் பற்றிப் பேசும் ஒரு குரலை வெளியிலிருந்து எதிர்நோக்குகிறது. திரைப்படக் கழகமும் திறனாய்வும் மீட்டமைப்பும் அக்குரலை வழங்கின. அக்குரல் இல்லாத ஆண்டில், ஆயத்தமற்ற கண்களோடு அப்படத்தை எதிர்கொண்டவர்களின் சொற்களை, அவை கடிந்துரைத்த சொற்களாயினும், படைப்பின் வரலாற்றுக்குள் வைத்தே படித்தல் வேண்டும். மோசமான படம் என்றும் மறக்க முடியாதது என்றும் ஒரே குறிப்பில் எழுதிய அந்தப் பெர்லின் செய்தியாளர், பின்வந்த போற்றுரைகள் பலவற்றைவிடப் படத்தின் இயல்பைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.